மணலைக் கிளறாதீர்கள், போதும்

"எதையும் எடுக்கலையே, படம் பிடிக்கக் கொஞ்சம் மணலை விசிறிவிட்டேன், அவ்வளவுதான்." இங்கிலாந்தின் சில்லி தீவுகளில் மூழ்கிக் கிடக்கும் எச்.எம்.எஸ். கொலோசஸ் கப்பலைப் பார்க்க இறங்கும் டைவர்கள் இதை ஏதோ பெருந்தன்மை போலச் சொல்கிறார்கள். எடுப்பதைவிட இதுதான் பெரிய சேதம்.

1787இல் வெள்ளோட்டம் விட்ட, 74 பீரங்கி கொண்ட மரப் போர்க்கப்பல் அது. உபரி நங்கூரத்தை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் வான்கார்டு கப்பலுக்குக் கொடுத்துவிட்டு வந்தது. 1798 டிசம்பர் புயலில் நங்கூர வடம் அறுந்து, சாம்சன் தீவுக்குத் தெற்கே தரைதட்டியது. ஒருவரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராயிருந்த வில்லியம் ஹாமில்டன் சேகரித்த பழங்கிரேக்கக் குடங்கள்தான் பெட்டி பெட்டியாகப் போயின.

இன்று கப்பலின் பின்பகுதி இடப்பக்கமாகப் படுத்திருக்கிறது. பீரங்கிகள் கப்பல் சுவரிலுள்ள தங்கள் துளைகளிலேயே வாய் மணலில் புதைந்து, தலைகீழாக நிற்கின்றன.

"இருநூறு வருஷம் தாங்கிய மரத்துக்கு ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்?" ஐயா, தாங்கியது மரமல்ல, மேலே கிடந்த மணல். வலப்பக்கம் எங்கே என்று யோசித்தீர்களா? மணல் மூடாததால் அது இல்லாமலே போயிற்று. மணலுக்குள் ஆக்சிஜன் கிடையாது, அதனால் மரத்தைக் குடையும் கப்பல் புழுவும் கிடையாது. நீங்கள் விசிறிய மணலை நீரோட்டம் கொண்டுபோய்விடும், திரும்பக் கொண்டுவந்து போடாது. திறந்த மரத்தில் புழுவின் இளம்பருவம் ஊசிமுனைத் துளை போட்டு நுழைந்து, உள்ளேயே வளர்ந்து குடைகிறது. வெளியே பார்த்தால் பலகை அப்படியே இருக்கும், உள்ளே சல்லடை. மேற்பரப்பை அரிக்கும் பொடி உயிர்கள் வேறு, தச்சரின் உளித்தடத்தைத்தான் முதலில் தின்னும்.

அங்கே மணல் தானாகவே குறைந்துவருகிறது என்பது உண்மை. அதற்காகத்தான் விரிப்புப் போட்டு மணலை நிறுத்திப் பார்த்தார்கள். கடல் அரிக்கிறதே என்று நீங்களும் சேர்ந்து அரிக்க அது உரிமைச்சீட்டு அல்ல.

கையைவிட அதிகம் கிளறுவது காலில் மாட்டும் துடுப்பான ஃபின். காரணம், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் கூடுதலாவது. எடை மிகுந்தால் இடுப்பு தாழும், கால் தொங்கும், ஒவ்வொரு உதைக்கும் மணல் பறக்கும். 12 லிட்டர் சிலிண்டரின் அழுத்தம் 200 பாரிலிருந்து 50க்கு இறங்கும்போது ஏறத்தாழ 2 கிலோ காற்று குறைகிறது. ஆகவே எடையை 50 பாரில் சரிபாருங்கள், நிரம்பிய சிலிண்டரோடு அல்ல. அடித்தளத்திலிருந்து ஒரு மீட்டராவது மேலே, கிடையாக, தவளை உதையில் போங்கள். தொங்கும் அழுத்தமானியையும் (கேஜ்) உபரி மூச்சுக்குழாயையும் (ஆக்டோபஸ்) மார்போடு கொக்கியில் மாட்டுங்கள். உளித்தடம் படத்தில் தெரிய வேண்டுமா? விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள், நிழலே காட்டிக்கொடுக்கும்.

1973ஆம் ஆண்டின் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட இடம். உரிமம் இல்லாமல் இறங்கக் கூடாது. உள்ளூர் டைவ் படகுக்காரர்களைக் கேட்டாலே வழி சொல்வார்கள். நங்கூரத்தைக் கப்பல்மேல் போடாதீர்கள், தயவுசெய்து.

வேறெங்காவது கப்பல்பொருள் கைக்கு வந்துவிட்டால், பிரிட்டனில் 28 நாளுக்குள் கப்பல்சேதப் பொருள்களைக் கவனிக்கும் 'ரிசீவர் ஆஃப் ரெக்' என்ற அரசு அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும். அதுவரை கடல்நீரிலேயே, மூடிய வாளியில், இருட்டில் வையுங்கள். தேய்க்க வேண்டாம். வெயிலில் உலர்த்தவே வேண்டாம். மரத்தின் வடிவைத் தாங்கி நிற்பது உள்ளிருக்கும் நீர்தான். அது போனால் பலகை சுருங்கி வெடிக்கும், பிறகு எந்த ஆய்வகமும் அதை விரிக்க முடியாது.