பேக்ஆர்டர் போட்டால் பெயர் உங்களுடையது ஆகிவிடாது

போன மாதம் பவானியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஜமுக்காளம், பெட்ஷீட் வியாபாரம். ஆபீஸ் வாசலில் அவருடைய புது வேன் நின்றது. பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டில் கடைப் பெயர், அதற்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு டாட் காம் முகவரி. அந்த முகவரி அவருடையது இல்லை. வேறு யாரோ வைத்திருந்து, புதுப்பிக்காமல் விட்டு, அழிக்கப்படும் நிலைக்கு வந்திருந்த பெயர். அப்படி விடுபடும் இணையப் பெயரை (டொமைன்) நமக்காகப் பிடித்துத் தரும்படி ஒரு நிறுவனத்திடம் சொல்லிவைப்பதுதான் பேக்ஆர்டர். “பேக்ஆர்டருக்குப் பணம் கட்டியாச்சுங்க, இனி நமக்குத்தானுங்களே?” என்றார். இந்த வருடம் இதே நம்பிக்கையோடு வந்த ஆறாவது ஆள் அவர். முந்தைய ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் பெயர் கிடைத்தது.

இதை எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை, அதனால் எழுதியே வைக்கிறேன். பேக்ஆர்டர் முன்பதிவு கிடையாது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் ஒன்றாம் நம்பர் கிடைத்ததுபோல் நினைத்துக்கொள்கிறார்கள். வெயிட்டிங் லிஸ்ட் ரயில்வேயிடமே இருக்கிறது. முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் அடுத்தவருக்கு இடம் போகும். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்திடம் அப்படி எந்த வரிசையும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு காத்திருப்புப் பட்டியலைக் கொண்டுவர வெரிசைனே முயன்றது. எதிர்ப்பும் வழக்குமாகி அது நடைமுறைக்கு வராமலே போனது. ஆகவே நீங்கள் காசு கட்டியது பெயருக்காக அல்ல. அது விடுபடும் நொடியில் உங்களுக்காக ஓடிப்போய்ப் பிடிக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். காலை 10 மணிக்கு ஏசி தட்கல் திறக்கும்போது உங்களுக்காக ஒரு நண்பர் உட்கார்ந்திருப்பதைப் போல. அதே சீட்டுக்கு வேறு ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். பேக்ஆர்டர் எடுக்கும் மற்ற நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளரிடம் இதே பெயருக்கு ஆர்டர் வாங்கி வைத்திருக்கலாம்.

அந்த ஓட்டமும் சமமான ஓட்டம் இல்லை. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும், அதாவது பெயர்களைப் பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கும், வெரிசைன் தன் கணினிக்கு ஒரே அளவு இணைப்புகளைத்தான் தரும். அதனால் ட்ராப்கேட்ச் போன்ற பேக்ஆர்டர் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான ரெஜிஸ்ட்ரார் அங்கீகாரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. நள்ளிரவு வரை விழித்திருந்து கையால் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல பெயர் என்றால் உங்கள் விரல் கீபோர்டைத் தொடும் முன்பே போயிருக்கும்.

இதற்கு முந்தைய கட்டத்திலேயே ஏமாந்து நிற்பவர்கள் இன்னும் அதிகம். காலாவதி தேதி முடிந்த மறுநாளே பெயர் சந்தைக்கு வந்துவிடும் என்று காத்திருப்பார்கள். வராது. டாட் காமில் காலாவதிக்குப் பின் 45 நாள் வரை சலுகைக் காலம், அப்புறம் மீட்புக் காலம் 30 நாள், கடைசியாக பெண்டிங் டெலீட், அதாவது அழிப்புக்குக் காத்திருக்கும் நிலை, 5 நாள். மொத்தம் 80 நாள்கூட ஆகலாம். மீட்புக் காலம் முடியும்வரை பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். டாட் இன் போன்றவற்றுக்கு அந்தந்தப் பதிவகத்தின் (டாட் காமுக்கு வெரிசைன் போல) விதியைத் தனியாகப் பாருங்கள். பெயரின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூஇஸில் காலாவதி தேதி திடீரென்று ஒரு வருடம் தள்ளிப்போனதைக் கண்டு மனம் உடைந்து போன் செய்பவர்களும் உண்டு. பதிவகம் தானாகவே ஒரு வருடம் நீட்டிவைக்கும், உரிமையாளர் பணம் கட்டினார் என்று அர்த்தமில்லை. பெண்டிங் டெலீட் என்று நிலை மாறிய பிறகுதான் பெயர் நிச்சயமாக விடுபடப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதிலும் மதிப்புள்ள பெயர் பெரும்பாலும் அதுவரை வருவதே இல்லை. சலுகைக் காலத்திலேயே ரெஜிஸ்ட்ரார் அதை ஏலத்துக்கு விட்டுவிடுவார். கோடாடி என்ற ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கும் பெயர் கோடாடியின் ஏலத்துக்குப் போகும். நீங்கள் வேறொரு நிறுவனத்தில் பேக்ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஏலம் நடந்ததே உங்களுக்குத் தெரியாது. முதலில் பெயர் இப்போது எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது என்று பாருங்கள், அவர்கள் எங்கே ஏலம் விடுகிறார்கள் என்று விசாரியுங்கள், அப்புறம் பர்ஸைத் திறங்கள். ஏலத்தில் ஜெயித்த பிறகும் பழைய உரிமையாளர் புதுப்பித்துவிட்டால் பணம் திரும்பும், பெயர் வராது. அதற்கும் தயாராக இருங்கள்.

பவானிக்காரர் பெயர் பெண்டிங் டெலீட்டுக்கு வந்துவிட்டது. அந்த இரவு அவரும் என் ஆபீஸில்தான் இருந்தார். டாட் காம் பெயர்கள் இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி விடுபடும். பதினொன்றரையிலிருந்து ஹூஇஸ் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு முறை பழைய தகவல் வந்தது. அடுத்த முறை புது ரெஜிஸ்ட்ரார் பெயர், உருவாக்கிய தேதி அன்றைய தேதி, நேரம் 18:21:40 என்று உலக நேரத்தில். இடையில் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த நொடியை நாங்கள் பார்க்கவே இல்லை. “இது நம்ம கம்பெனிங்களா?” என்று கேட்டார். இல்லை. நான்கு நாள் கழித்து அந்த முகவரியில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது, விலை இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்.

அவர் மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் முதலில் ஒன்றைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள். ஹூஇஸில் உரிமையாளர் பெயர் மறைந்திருந்தாலும் தொடர்புப் படிவம் இருக்கும், பழைய தளத்தில் மெயில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு ஒரே மெயிலில் வேலை முடிந்தது. கடையை மூடிவிட்ட உரிமையாளர் புதுப்பிக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிட்டார். தயவுசெய்து இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

அது நடக்கவில்லை என்றால் இரண்டு மூன்று வெவ்வேறு நிறுவனங்களில் பேக்ஆர்டர் போடுங்கள். பிடித்தால் மட்டும் காசு வாங்கும் இடங்களே போதும். ஒரே நிறுவனத்தில் இன்னொருவரும் அதே பெயரைக் கேட்டிருந்தால், பிடித்த பிறகு ஏலம் நடக்கும். எத்தனை ரூபாய் வரை போவீர்கள் என்று முதலிலேயே பேப்பரில் எழுதி வையுங்கள், அதைத் தாண்டாதீர்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டத் தளமாகவோ ஸ்பாம் அனுப்பும் முகவரியாகவோ இருந்திருந்தால் தொடாதீர்கள். பழைய தளத்தின் கூகுள் மதிப்பு நமக்கு வரும் என்று வாங்குபவர்களுக்கும் ஒன்று: காலாவதிப் பெயர்களை அப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சிலேயே கூகுள் ஸ்பாம் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னொருவரின் வணிகச் சின்னம் என்றால் பிடித்தாலும் புகாரில் பறிபோகும்.

உங்களிடம் இருக்கும் பெயரையும் ஒரு நிமிடம் பாருங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அந்த மெயில் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் தளம் செய்துகொடுத்த பையனின் பழைய மெயிலுக்கு. 1999-ல் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயிலில் உள்நுழையத் தேவைப்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவிக்க, வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். உங்கள் மெயில் ஐடியை இன்றே மாற்றி, தானாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். கார்டு காலாவதி ஆகியிருந்தால் அதுவும் நின்றுவிடும்.

பவானிக்காரர் ஊர்ப் பெயரைச் சேர்த்து ஒரு டாட் இன் வாங்கிவிட்டார், ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வேன் இப்போது பெயின்டரிடம் நிற்கிறது. பேக்ஆர்டரை நம்பி நீங்களும் போர்டோ, பையோ, விசிட்டிங் கார்டோ அச்சுக்குக் கொடுத்திருந்தால், இப்போதே பிரஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.