பணி நிரவல்: சொல் விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆசிரியர்கள் ‘டெப்ளாய்மென்ட்’ என்று சொல்வதற்கு அரசாணைத் தமிழ் ‘பணி நிரவல்’. தேவைக்கு மேல் ஆசிரியர் உள்ள அரசுப் பள்ளியிலிருந்து, ஆள் போதாத பள்ளிக்கு ஒருவரை மாற்றி அமர்த்துவது.

ஆங்கிலச் சொல் ‘மடிப்பை விரித்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, படைகளைப் பரப்பி நிறுத்துவதைக் குறித்தது. நம் நிரவுதலோ மேடு பள்ளத்தைச் சமமாக்குவது. நடவுக்கு முன் சேற்று வயலில் பரம்படித்து நிரவுகிறோமே, அதே சொல்தான். என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தமான சொல்; மேட்டில் எடுத்துப் பள்ளத்தில் போட வேண்டும் என்ற நியாயம் அதற்குள்ளேயே இருக்கிறது.

மாற்றுப்பணி வேறு. அதில் பணியிடமும் சம்பளமும் பழைய பள்ளியில், பாடம் நடத்துவது வேறு பள்ளியில்.

சரி, எது மேடு, எது பள்ளம்? ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் ‘பணியாளர் நிர்ணயம்’ செய்வார்கள், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடுவார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். பென்னாகரம் பக்கம் ஒரு குடும்பம் கட்டட வேலைக்குப் பெங்களூரு கிளம்பி, 61 என்பது 60 ஆனால் மூன்றாவது பணியிடம் ஆட்டம் காணும். வகுப்புகளோ அப்போதும் ஐந்துதான். இரண்டு பேர் அந்த ஐந்தையும் பார்க்க வேண்டும்.

6 முதல் 8 வரை பாடமும் கணக்கில் வரும். அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். அதோடு, குறைந்தது 35 பிள்ளைக்கு ஒருவர் வீதம் இருக்க வேண்டும். இந்தக் குறைந்த அளவோடு நின்றால் கணக்கும் அறிவியலும் ஒரே ஆள் தலையில்தான்.

கிருஷ்ணகிரியில் பயிற்றுமொழியும் சேர்ந்துகொள்கிறது. ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழி வகுப்புகள் உண்டு. தெலுங்கு வழியில் கணக்கு நடத்துபவர் போய்விட்டால், அந்த இடத்தைத் தமிழ் வழி ஆசிரியரால் நிரப்ப முடியாது. தலையை எண்ணி நிரவினால் இந்தப் பள்ளம் கண்ணில் படாது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களோ வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போய் வருபவர்கள். ஒரு பள்ளியின் கணக்கில் அடங்குவதில்லை. பாடம், மொழி, குழந்தையின் தேவை மூன்றையும் பார்த்துச் செய்தால்தான் அதை நிரவல் என்று சொல்லலாம்.

அப்புறம், ‘உபரி ஆசிரியர்’. உபரி, ‘மேலே’ எனப் பொருள்படும் வடசொல், தமிழில் மிகை. ஆனால் மிகையாவது பணியிடம்தான், ஆள் அல்ல. பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவரை, பணியில் இளையவர் என்பதற்காக உபரி என்று பட்டியலில் எழுதுவது மனதை நோகடிக்கிறது. ‘மிகைப் பணியிடம்’ என்று எழுதினாலே போதும்.