பாமரன் யார்?

பட்ஜெட் வாசித்த அன்று மாலை தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு கேள்வி தவறாமல் ஓடும்: ‘பாமரனுக்கு இந்த பட்ஜெட்டில் என்ன இருக்கிறது?’ மக்களவையில் நம் உறுப்பினர்கள் விலைவாசி என்று வாயெடுத்தாலும் அடுத்து வருவது இந்தச் சொல்தான். பாமர மக்கள் வயிற்றில் அடிக்கிறார்கள், பாமரன் தலையில் சுமை ஏற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘காமன் மேன்’ வருகிற இடத்திலெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களும் பாமரனைப் போட்டுவிடுகிறார்கள். இது பிழை. யாருக்காகப் பேச எழுந்தார்களோ அவரையே வைகிற பிழை.

காமன் என்பது ‘பலருக்கும் உரியது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரிட்டனின் கீழவைக்குப் பெயரான ‘காமன்ஸ்’ கூட ஏழைபாழைகளைக் குறித்ததில்லை; பேராளர்களை அனுப்பிய ஊர்ச் சமூகங்களைக் குறித்தது. சாமானியம் வடசொல். சமானம் என்பதிலிருந்து வந்தது. பலருக்கும் பொதுவானது என்று பொருள். ‘அவர் ஒன்றும் சாமானியப்பட்ட ஆளில்லை’ என்று ஊர்ப்பேச்சில் நெடுநாளாய்ப் புழங்குகிறது. காமனுக்குச் சாமானியம் நேராகவே பொருந்துகிறது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

பாமரனும் வடசொல்தான். ஆனால் அதன் வேலை வேறு. அகராதியைப் புரட்டினால் மூடன், அறிவிலி, இழிந்தவன் என்றுதான் இருக்கும். ‘பாமரராய் விலங்குகளாய் உலகனைத்தும் இகழ்ச்சிசொலப் பான்மை கெட்டு’ என்று பாரதி பாடியபோது, விலங்குக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த சொல்லாகத்தான் பாமரரை எடுத்தார். அந்த அடியில் ‘சாமானியராய்’ என்று மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள், வசை காணாமல் போய்விடும்.

‘பொருள் மாறிவிட்டது, இப்போது எழுத்தறியாதவர் என்றுதான் அர்த்தம்’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மாறவில்லை, மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ‘பாமரருக்கும் புரியும்படி எழுதுங்கள்’ என்கிறோமே, அதில் ‘உம்’ எதற்கு? எளிதில் புரியாதவர் என்ற கணிப்பு அதற்குள் இருப்பதால்தான். சரி, எழுத்தறியாதவர் என்றே வைத்துக்கொள்வோம். கேஸ் சிலிண்டர் விலை ஏறினால் எழுத்தறியாதவருக்கு மட்டுமா ஏறுகிறது? பட்டப்படிப்பு படித்துவிட்டு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் என்ன ஆனார்?

டெல்லியில் இது இன்னும் மோசமாகும். நாடாளுமன்றத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கருத்தைச் சரிவரச் சொல்ல முடியாத உறுப்பினர், அவைத்தலைவர் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம் என்கிறது அரசியலமைப்பின் 120ஆம் கூறு. தமிழில் பேசுவதை அங்கே உடனுக்குடன் மொழிபெயர்க்கிறார்கள். ‘பாமர்’ என்ற சொல் இந்தியிலும் இருக்கிறது. நீசன், கயவன், மூடன் என்று பொருள். எதிர் வரிசையில் இருப்பவர் காதில் அந்தச் சொல் அப்படியே விழுந்தால், தன் தொகுதி மக்களை இவர் ஏன் இப்படித் திட்டுகிறார் என்றுதான் நினைப்பார்.

பாமர விவசாயி என்கிறார்களே, அவர் யாரென்று டெல்டாவில் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும்போது ஈரம் ஏறிவிடும். 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று அவையில் கேட்பார்கள். இதற்கிடையில் அந்த மனிதர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, காலால் சால் விட்டுக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருப்பார். நாலு மணியை எடுத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பல்லில் நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரத்தோடு மூட்டை பிடித்தால் சூடேறி நிறம் மங்கும், நாள் போனால் முளை கட்டும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவரைப் பாமரர் என்பதற்கு எப்படி நா வருகிறது?

இனி அந்த ‘அன்’ விகுதி. பாமரன், சாமானியன், சாதாரண மனிதன் எல்லாமே ஆண், ஒருமை, மரியாதை இல்லை. நடவும் களையெடுப்பும் டெல்டாவில் பெரும்பாலும் பெண்கள் கையால் நடக்கிற வேலைகள். ‘சாமானியனின் உழைப்பு’ என்று முழங்கும்போது சேற்றில் குனிந்து நிற்கிற அத்தனை பேரும் பேச்சிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘மேன்’ இருக்கிறது என்பதற்காக நாம் ‘அன்’ போட வேண்டியதில்லை. சாமானியர் என்று ‘அர்’ போட்டால் இந்தக் குறைகள் தீரும்.

தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் நீட்டுவது எளியோர். அது வலியோருக்கு எதிர்ச்சொல். இரக்கம் கேட்கும் இடத்தில் பொருந்தும், உரிமை கேட்கும் இடத்தில் பொருந்தாது. பொதுமக்கள் நல்ல சொல், காமனுக்கு மிக நெருக்கமும் கூட. ஆனால் அதற்கு ஒருமை கிடையாது. பொதுமகன் என்று யாரும் சொல்வதில்லை. பொதுமகள் என்றாலோ பழைய நூல்களில் விலைமகள். மேடையில் ஒரே ஒரு ஆளை நிறுத்திக் காட்ட விரும்புகிறவர்கள் இதனால்தான் பொதுமக்களை விட்டு நகர்கிறார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது குடி. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று அரசுக்குரிய ஆறில் குடியையும் எண்ணுகிறது 381ஆம் குறள். குடி இல்லாமல் அரசு இல்லை. வருவாய்த் துறையில் பயிரிடுபவருக்குப் புழங்கிய ‘ரயத்து’ என்ற சொல் அரபு வேரில் மேய்ப்பனுக்குக் கீழே நிற்கும் மந்தையைக் குறித்தது. நம் குடிக்கு அந்தக் குனிவு கிடையாது. அதற்குப் பங்கு உண்டு. மேல்வாரம் அரசுக்கோ நிலத்துக்குடையவருக்கோ போகும் பங்கு என்றால், குடிவாரம் சாகுபடி செய்தவருக்கு. வாய்க்கால் தூர்வாரியதற்கும் குடிமராமத்து என்றே பெயர்.

குடிக்கும் கறை உண்டு, மறைக்கக் கூடாது. தஞ்சை ஊர்களில் குடியானத் தெரு வேறு, சேரி வேறு. உழுது நட்ட பண்ணையாள் குடியானவர் கணக்கில் வரவில்லை. குடிமகன் என்றால் ஊருக்கு ஊழியம் செய்யும் சாதியார் என்ற வழக்கும் இருந்தது. அரசியலமைப்பு வந்த பிறகு அதே சொல் நாட்டில் உரிமையுள்ள எல்லாரையும் குறிக்கும்படி உயர்ந்தது. அப்படி உயர்ந்த சொல்லை இன்று மதுக்கடைக் கிண்டலுக்குத் தாரைவார்த்துவிட்டோம். கிண்டலுக்குப் பயந்து அவையில் சொல்லத் தயங்குவது சரியில்லை. குடிமக்கள் என்றே சொல்லலாம்.

அதைவிட நல்லது, ஆளைப் பெயர் சொல்லிக் குறிப்பது. 1952இல் வந்த சட்டம் தஞ்சாவூர்ப் பண்ணையாளைப் பண்ணையாள் என்றது. 1955இல் வந்தது சாகுபடிக் குத்தகைதாரரைக் குத்தகைதாரர் என்றது. சட்டத்தில் ‘சாமானியன்’ என்று எழுதியிருந்தால் எந்த நீதிமன்றம் யாருக்கு என்ன கொடுத்திருக்கும்? ‘சாமானிய விவசாயிக்கு நிவாரணம்’ என்று இன்று பேசினால் அது நில உரிமைப் பதிவான சிட்டாவில் பெயர் உள்ளவரைத்தான் போய்ச் சேரும். கோயில் நிலத்தையோ வெளியூர்க்காரர் நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து நட்டவர், ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலில் தன் பெயர் ஏற கிராம நிர்வாக அலுவலரிடம் நடந்துகொண்டிருப்பார். அவரை அவையில் குத்தகைதாரர் என்று சொன்னால்தான் பதிலும் அவரைப் பற்றி வரும்.

‘கடைக்கோடி மனிதன்’ என்பதும் இதே வகைதான். ‘லாஸ்ட் மைல்’ என்பதைக் ‘கடைசி மைல்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு, வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் நிலப்பகுதியைச் சொல்லும் கடைமடை என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைக்கோடி மனிதனுக்கு முகவரி கிடையாது. மேட்டூரில் ஜூன் 12இல் திறந்த தண்ணீர் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு வரவில்லை என்று ஒருவர் பேசினால், எந்த வாய்க்கால், எந்த மதகு என்று அமைச்சர் திருப்பிக் கேட்கலாம். போய் நின்று பார்க்கவும் பார்க்கலாம்.