விசை கனமா? அரத்தை எடுக்கும் முன் லாக்கைக் கழற்றுங்கள்

குழல்வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் ரைஃபிளில், விரலால் இழுக்கும் விசை 4, 5 கிலோ இழுவை கேட்டால் குறி தவறத்தான் செய்யும். விரலின் இழுப்பு துப்பாக்கியின் எடையையே எட்டிவிடுவதால் குழலும் கூடவே அசைகிறது. சாதாரண ஒற்றை விசைக்கு 1.5 முதல் 2 கிலோ போதும்.

கை வைக்கும் முன் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அகற்றிவிட்டு, குழல் காலியா என்று பாருங்கள். கிட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் இறக்கி, வாயோரத்தில் அடையாளமிடுங்கள். வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்தால் கம்பி அடிவரை போனதா என்பது தெரிந்துவிடும். போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

கேப்பை அடிக்கும் சுத்தியல்தான் குதிரை. அதுவும் அதை இயக்கும் பாகங்களும் ஒரு தகட்டில் பொருந்திய தொகுதிதான் லாக். குதிரையின் அச்சில், லாக் தகட்டின் உட்புறம், டம்ளர் என்ற வட்டு இருக்கிறது. பெரிய ஸ்பிரிங் அதைச் சுழற்றப் பார்க்கும். சியர் என்ற நெம்புகோலின் மூக்கு வட்டின் வெட்டில் மாட்டி அதைத் தடுக்கும். சியரின் வால் பக்கவாட்டில் துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் நீள்கிறது. விசை அந்த வாலைத் தூக்கினால் மூக்கு விலகும், குதிரை விழும்.

லாக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, குதிரையை முழுதாகப் பின்னிழுத்து ஏற்றி, சியர் வாலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குதிரையை மறுகையால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். தடையின்றி அடித்தால் உள்பாகம் உடையும். சியர் எளிதாக விலகினால் லாக்கில் குறை இல்லை. இதைப் பார்க்காமலேயே வெட்டை ராவிக் கெடுத்த லாக்குகள் ஏராளம்.

லாக் நன்றாக இருந்தால் குறை கட்டையிலோ விசையிலோதான். சியர் வாலில் விளக்குக் கரியைத் தடவி லாக்கைத் திரும்பப் பூட்டி, விசையை இழுத்துப் பாருங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் மெல்லச் சீவினால் போதும். ஈரத்தில் மரம் ஊதினாலும், லாக் திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலும் இதே இறுக்கம் வரும்.

அடுத்தது விசை அச்சின் இடம். சியர் வாலைத் தூக்க 4 கிலோ அழுத்தம் வேண்டும் என்று வையுங்கள். அச்சிலிருந்து விரல் 24 மி.மீ., சியர் வால் 12 மி.மீ. தொலைவில் இருந்தால் விரலுக்கு 2 கிலோ. அச்சை நகர்த்தி, விரலின் தூரம் மாறாமல் வாலின் தூரத்தை 6 மி.மீ. ஆக்கினால் 1 கிலோதான். பதிலுக்கு விசை இருமடங்கு தூரம் நகர வேண்டும். லாக்கைத் தொடாமலே கிடைக்கும் இந்த மாற்றம்தான் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுகிறது.

லாக்கிலேயே கனம் இருந்தால் சியர் திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பிறகு சியர் ஸ்பிரிங்கின் வலு. கடைசியில்தான் வெட்டு. விசையை மெல்ல இழுக்கும்போது குதிரையைக் கவனியுங்கள்: சற்றுப் பின்னே போய் விழுந்தால் வெட்டின் கோணம் கொக்கிபோல் உள்வாங்கியிருக்கிறது, அதனால்தான் கனம். அசையாமலிருந்து விழுந்தால் சரி. முன்னே நகர்ந்து விழுந்தால் ஆபத்து. அந்த லாக்கைப் பயன்படுத்தக் கூடாது.

பரப்பு சொரசொரப்பாக இருந்தால் நுண்ணிய கல்லில் எண்ணெய் விட்டுக் கோணம் மாறாமல் மெருகேற்றலாம். இரும்பின் கடினத்தோல் மிக மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்தால் மென்மையான உலோகம் வெளிப்பட்டு வெட்டு விரைவில் மழுங்கும். கோணத்தையே திருத்த வேண்டுமென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். குதிரையைப் பாதி ஏற்றிப் பாதுகாப்பாக நிறுத்தும் வெட்டைத் தொடவே கூடாது.

வேலை முடிந்ததும், காலித் துப்பாக்கியில் குதிரையை முழுதாக ஏற்றி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் பலமுறை தட்டுங்கள். குதிரை பாதி ஏறிய நிலையில் விசையை அழுத்தி இழுத்துப் பாருங்கள். ஒருமுறை குதிரை விழுந்தாலும் மருந்து கிட்டிக்க வேண்டாம்.