முற்றொருமை: ‘எல்லாக் கோணங்களுக்கும்’ என்றால் எவ்வளவு?

முற்றொருமையை ஆங்கிலத்தில் ஐடென்டிட்டி என்பார்கள். ‘அதே’ என்று பொருள்படும் ‘இடெம்’ (idem) என்ற லத்தீன் சொல் அதன் வேர். நம் பாடநூல்களில் முற்றொருமை: முற்று + ஒருமை, முழுக்க ஒன்றாக இருத்தல். சமன்பாடு சில மதிப்புகளுக்கு மட்டும் பொருந்தினால் போதும். முற்றொருமை எல்லா மதிப்புகளுக்கும் பொருந்த வேண்டும்.

அந்த ‘எல்லா’வில்தான் பலர் இடறுகிறார்கள். இலக்கணத்து முற்றும்மையை நினைத்துக்கொண்டால் தெளிவாகும். ‘மூவேந்தரும் வந்தனர்’ என்ற உம்மை அந்த மூவரைத்தான் முழுமையாகச் சுட்டுகிறது. முற்றொருமையின் முழுமையும் அப்படித்தான்: இரண்டு பக்கமும் வரையறுக்கப்பட்ட கோணங்களுக்குள் அடங்கும்.

கோணத்தை ‘க’ என்று வைத்துக்கொள்வோம். சைன்² க + காஸ்² க = 1 எந்தக் கோணத்துக்கும் நிற்கும். டான் க என்பது சைன் க / காஸ் க; செக் க என்பது 1 / காஸ் க. எனவே இதைக் காஸ்² க-ஆல் வகுத்தால் டான்² க + 1 = செக்² க. வகுத்த அந்த நொடியிலேயே 90°, 270° போன்றவை வெளியேறிவிட்டன. அங்கே காஸ் சுழி.

வரையறை என்பது எல்லை வகுத்தல். லத்தீனிலும் எல்லையைக் குறிக்கும் ‘ஃபீனிஸ்’தான் ‘டெஃபினிஷன்’ ஆனது. டான் 90°-க்கு அப்படி மதிப்பு எதுவும் வகுக்கப்படவில்லை. ‘முடிவிலி’ என்று எழுதுவதும் தவறு: டான் 89.9° சுமார் 573, டான் 90.1° சுமார் −573. எந்தப் பக்கத்து முடிவிலியை எடுப்பது?

சில இடங்களில் ஒரு பக்கம் மட்டும் உடையும். சைன் 2க = 2 டான் க / (1 + டான்² க) என்பதில் 90° இட்டால் இடப்பக்கம் 0, வலப்பக்கத்துக்கு மதிப்பே இல்லை. டான் (90° + 30°) என்பதை, டான் 90°, டான் 30° இரண்டையும் கேட்கும் கூட்டல் வாய்பாட்டில் போட்டாலும் இதே கதி; ஆனால் டான் 120° = −√3 என்பது உறுதி. சைன் 120°-ஐக் காஸ் 120°-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் தீர்வு காணும்போதுதான். சைன் 2க + காஸ் 2க = −1 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். டான் க = ட என்று வைத்து, சைன் 2க = 2ட / (1 + ட²), காஸ் 2க = (1 − ட²) / (1 + ட²) எனப் பிரதியிட்டு, இரு பக்கமும் (1 + ட²)-ஆல் பெருக்கினால்:

2ட + 1 − ட² = −1 − ட²

ட² அடிபட்டு, ட = −1. 0° முதல் 180° வரை க = 135° என்று ஒரே விடை. இப்போது மூலச் சமன்பாட்டில் 90° இட்டுப் பாருங்கள்: சைன் 180° + காஸ் 180° = 0 − 1 = −1. அதுவும் விடைதான். டான் க-வைப் பிரதியிட்டபோதே அது நழுவிவிட்டது.

ஆகவே டான் க பிரதியிடும் ஒவ்வொரு கணக்கிலும் காஸ் க = 0 ஆகும் கோணங்களை முதலில் தனியே எழுதி, மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே வகுக்க வேண்டும்.