மாசு கட்டுப்பாட்டு வாரியம்: மனு எழுதும் முன் இசைவாணையைப் படியுங்கள்

சாயக்கழிவு ஓடையில் கலக்கிறது, ஆலைப் புகையால் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியவில்லை என்று மனு எழுதும் பலர், ‘தொழிற்சாலையை உடனே மூட வேண்டும்’ என்ற வரியோடு முடித்துவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து வரும் பதிலும் ஒரே வரிதான்: ‘ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் ஏதும் காணப்படவில்லை.’ ஆய்வுக்கு வரும் வாரியப் பொறியாளரின் கையில் இருக்கும் அளவுகோல் இசைவாணை, அதாவது ஆலையை நடத்த வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி. அதில் எழுதியிருப்பது மீறப்பட்டதா என்றுதான் அவர் பார்ப்பார். மனுவும் அதையே தொட்டுப் பேசினால் பதிலின் தன்மை மாறும்.

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 1981-ம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டம், 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றும்தான் அதன் அதிகாரத்துக்கு அடிப்படை. பொதுமக்கள் நேரடியாக அணுக வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்.

இசைவாணையில் என்ன இருக்கும்?

தொழிற்சாலை கட்டத் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவாணை வேண்டும். கட்டி முடித்து உற்பத்தி தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணை வேண்டும். மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரிக்கப்பட்டுள்ளன. வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை, வாரியத்துக்குத் தகவல் தெரிவித்தால் போதும்.

இயக்குவதற்கான இசைவாணையில் சர்வே எண், தயாரிக்கும் பொருள், மாதத்துக்கு எவ்வளவு தயாரிக்கலாம், ஒரு நாளில் எத்தனை கிலோ லிட்டர் கழிவுநீர் வரலாம், அது எங்கே போக வேண்டும், ஒவ்வொரு புகைபோக்கியும் எத்தனை மீட்டர் உயரம், ஆணை எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதி. அடுத்து உற்பத்தி அளவு. அனுமதித்ததைவிடக் கூடுதலாக உற்பத்தி நடந்தால் சுத்திகரிப்பு நிலையத்தால் தாங்க முடியாது. இரவில் கழிவு திறந்துவிடப்படுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

பொதுவாக ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250 மில்லிகிராமையும், மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கார அமிலத் தன்மை (pH) 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும். ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கதை வேறு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழானதைத் தொடர்ந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறும்வரை பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ‘கழிவு வெளியேற்றம் கூடாது’ என்று இசைவாணையில் எழுதப்பட்ட ஆலைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கேள்வியே எழாது. குழாயிலிருந்து நீர் ஓடையில் விழுவதே விதிமீறல். நீர் தெளிவாக இருந்தாலும் அது மீறல்தான். இந்த வேறுபாட்டை மனுவில் சொல்லாமல் விடுவதால் தோற்கும் புகார்கள் நிறைய.

புகைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஜெனரேட்டரின் புகைக்குழாய், அது இருக்கும் கட்டடத்தின் உயரத்தைவிட எவ்வளவு மேலே போக வேண்டும் என்பதற்கு, அதன் மின் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்க வேண்டும். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னல் வழியே புகை வருகிறது என்றால் இதைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

இசைவாணை கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தொழிற்சாலையின் பெயர், ஊர், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, நடப்பிலுள்ள இசைவாணையும் நிபந்தனைகளும், கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை, கடைசி ஆய்வகப் பகுப்பாய்வு முடிவு ஆகியவற்றின் நகல் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை’ என்று கேட்டால் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

புகாரும் மாதிரியும்

புகாரில் தேதி, நேரம், இடம் மூன்றும் துல்லியமாக வேண்டும். ‘அடிக்கடி விடுகிறார்கள்’ என்பதைவிட, ‘மூன்று செவ்வாய்க்கிழமைகளில் இரவு 11 மணிக்கு மேல், இந்தப் பாலத்துக்குக் கிழக்கே உள்ள குழாயில்’ என்பது பொறியாளரை எந்த நேரத்தில் வர வேண்டும் என்று சொல்கிறது. மழை நாளில் திறந்துவிடுவது பழைய தந்திரம் என்பதால் அந்த நாட்களைத் தனியே குறித்து வையுங்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம் எடுங்கள்.

நீங்கள் பாட்டிலில் பிடித்துச் செல்லும் தண்ணீர் வழக்கில் சாட்சியாகாது. நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்பு கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆலைக்காரர் வேண்டுமென்றே வராமல் போனாலும் மாதிரி எடுக்க வழி உண்டு. இந்த முறை தவறினால் முடிவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே அலுவலர் வரும்போது உடனிருந்து, முறைப்படி மாதிரி எடுக்கப்பட்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைச் சோதிக்க நீரை 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால் மறுநாளே முடிவு கிடைக்காது.

மீறல் உறுதியானால் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். அதன்பின் அதே சட்டத்தின் 33ஏ பிரிவில் ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். இதற்கு முன் ஆலைக்கு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். பெரும் கேடு நேரும் நிலையில் அந்த அவகாசம் இல்லாமலும் உத்தரவிடலாம். காலாவதியான இசைவாணையைப் புதுப்பிக்க மறுப்பதும் வலுவான ஆயுதம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 2018 ஏப்ரலில் வாரியம் புதுப்பிக்க மறுத்தது. மூடல் உத்தரவுகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2024 பிப்ரவரியில்தான் தள்ளுபடியானது.

மீறிய ஆலை கட்ட வேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வகுத்துள்ளது. சிவப்பு வகைக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30 என்ற எண்ணை மீறல் நடந்த நாட்களால் பெருக்கி, அதை 250 ரூபாயால் பெருக்குவது வழக்கம். ஆலையின் அளவுக்கும் ஊரின் மக்கள் தொகைக்கும் ஏற்பத் தலா ஒரு காரணியும் சேரும். 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊரில் நடுத்தரச் சிவப்பு வகை ஆலை என்றால் நாளுக்கு 20,000 ரூபாய், 30 நாளுக்கு 6 லட்சம். கணக்கு நாட்களில் நிற்பதால் உங்கள் புகார் எந்தத் தேதியில் பதிவானது என்பது முக்கியம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலோ திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலோ கொடுத்தாலும் மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

வாரியம் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் தானே நீதிமன்றத்தில் குற்றப் புகார் தர நீர்ச் சட்டத்தின் 49-வது பிரிவு அனுமதிக்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டு நல்ல வழக்குகள் வீணாவது வருத்தமானது.

வாரியத்தின் வேலை அல்லாதவை

கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குக் காவல்துறையையும், தெருவில் குப்பை எரிப்பதற்கும் வீட்டுச் சாக்கடைக்கும் உள்ளாட்சியையும் அணுக வேண்டும். பெரிய சுரங்கத்துக்கும் ஆலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பதும் வாரியம் அல்ல. திட்டத்தின் வகையைப் பொறுத்து மாநிலத் தாக்க மதிப்பீட்டு ஆணையமோ ஒன்றிய அமைச்சகமோ அதைக் கொடுக்கும்.

ஆனால் அந்த அனுமதிக்கு முன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஏற்பாடு செய்வது வாரியம். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாளுக்கு முன்பே நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார், முழுவதும் காணொளியில் பதிவாகும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லாததால் புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடாது, உங்கள் எதிர்ப்பு பதிவேட்டில் இல்லாமல் போகும். எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், பேசவும் செய்யுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. பாதியில் எழுந்து போகாமல் அதுவரை இருந்து, நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் தலைமை வகிப்பவர் கையெழுத்திடும் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.