எறிகத்தி வாங்கும்போது: முதலில் நீளம், பிறகு எடை

மூன்று கத்தி, ஒரு உறை என்று இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எறிகத்திகள் பலவும் 15 செ.மீ. நீளம்தான், எடை நூறு கிராம்கூட இருக்காது. கைக்கு அடக்கமாக இருக்கிறது, பழக எளிது என்று வாங்கிவிடுகிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடச் சிரமமான கத்தி கிடையாது.

ஓங்கி எறிந்தால் அதிகம் சுற்றும், கனமான கத்தி குறைவாகச் சுற்றும் என்றொரு நம்பிக்கை உண்டு. மணிக்கட்டை மடக்காமல் எறியும்போது இரண்டுமே பொருந்தாது. கையை விட்டு நழுவும் கணம் வரை கத்தி கையோடு சேர்ந்து ஒரே வட்டத்தில்தான் போகிறது. வேகத்தைக் கூட்டினால் முன்னோக்கிப் போகும் வேகமும் சுழலும் வேகமும் ஒரே விகிதத்தில் கூடும். ஒரு சுற்றுக்கு ஆகும் தூரம் மாறாது. அந்த வட்டத்தின் ஆரம் அரை மீட்டர் என்றால் சுற்றுக்கு 3.14 மீட்டர். பிடியைப் பற்றி முழுச் சுற்றில் எறிபவர்கள் ஏறக்குறைய 3 மீட்டரில் நிற்பதும் இதை ஒட்டித்தான்.

நீளம் இந்தக் கணக்கை நேரடியாக மாற்றும். ஆரத்தைக் கத்தியின் சமநிலைப் புள்ளி வரை அளக்க வேண்டும். இரு பக்கமும் சம எடையுள்ள 15 செ.மீ. கத்தியில் அந்தப் புள்ளி பிடியின் முடிவிலிருந்து 7.5 செ.மீ.; 30 செ.மீ. கத்தியில் 15 செ.மீ. கூடுதலான 7.5 செ.மீ. ஆரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 47 செ.மீ. தூரத்தைச் சேர்த்துவிடும். வேறு நீளக் கத்திக்கு மாறியதும் பழைய கோட்டிலிருந்து குத்தாமல் போவது அதனால்தான். கை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எடையின் வேலை வேறு. விடுபடும்போது விரல் சற்று உரசும், கட்டைவிரல் லேசாக அழுத்தும். 80 கிராம், 15 செ.மீ. கத்தியோடு ஒப்பிட்டால், 250 கிராம், 30 செ.மீ. கத்தி சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் திறன் சுமார் பன்னிரண்டு மடங்கு. எடையின் பங்கு அதில் மூன்று மடங்கு, நீளத்தின் பங்கு நான்கு மடங்கு. சிறு கத்தியைத் தாறுமாறாகச் சுற்றவைக்கும் அதே உரசல் பெரிய கத்தியில் தெரியவே தெரியாது. குத்தி நிற்பதிலும் எடைக்குப் பங்குண்டு: விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் முன்னதன் ஆற்றல் 4 ஜூல், பின்னதற்கு 12.5 ஜூல்.

அதற்காக 450 கிராம் கத்தியைத் தூக்க வேண்டாம். இருபது முப்பது எறிதலில் தோள் தளரும், மணிக்கட்டு தானாக மடங்கத் தொடங்கும், கணக்கு குலையும். தொடக்கத்துக்கு 28 முதல் 33 செ.மீ., 200 முதல் 300 கிராம், 5 மி.மீ. அளவு தடிமன், நடுவில் சமநிலை. விரல்மேல் கிடத்திப் பார்த்தாலே சமநிலை தெரிந்துவிடும். முனை மட்டும் கூராக இருந்தால் போதும். சமையல் கத்தி ஆகவே ஆகாது. அதன் கெட்டியான எஃகு பக்கவாட்டில் மோதினால் ஒடிந்து தெறிக்கும். இந்தியாவில் ஆயுத விதிகள், 2016 இன்படி, வீடு, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று வடிவமைக்கப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்தைவிட நீளமாகவோ 2 அங்குலத்தைவிட அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வாங்குமுன் அலகைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

குத்திய கத்தியே தவறைச் சொல்லிவிடும். பிடி கீழே தொங்கினால் சுற்று முடியவில்லை: பின்னால் போங்கள். பிடி மேலே தூக்கி நின்றால் சுற்று மிஞ்சிவிட்டது: முன்னால் வாருங்கள். 3 மீட்டருக்கு ஒரு சுற்று என்றால் 15 செ.மீ. நகர்வு 18 டிகிரியைத் திருத்தும். அதனால் அரை அடி அரை அடியாகவே நகருங்கள், வீச்சை மாற்றாதீர்கள்.

இலக்காகக் குறுக்கே அறுத்த மென்மரத் துண்டு, அறுத்த முகம் உங்களைப் பார்த்தபடி. பலகையின் தட்டை முகத்தில் கத்தி எளிதில் எகிறும். கனமான கத்தி எகிறினால் அந்த ஆற்றலில் ஒரு பங்கோடு திரும்பும். மூடிய காலணியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், பார்ப்பவர்களை உங்களுக்குப் பல அடி பின்னால் நிறுத்துங்கள். ஏற்கெனவே குத்தி நிற்கும் கத்திமேல் இன்னொன்றை எறிந்தால் உலோகத்தில் பிசிறு எழும்பும். அடுத்த எறிதலில் அது விரலைக் கிழிக்குமுன் அரத்தால் ராவிவிட வேண்டும்.